வெள்ளத்தை உடைத்த 12 வரிகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. பி.காம். முடித்து வங்கியில் சேர்ந்து, ஊர் ஊராக மாற்றலாகி, இப்போது நாக்பூரில் இருப்பவன். நிரல் எழுதுவது எனக்கு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. ஆகவே மென்பொருள் நண்பர்கள் "இது எல்.கே.ஜி. பாடமாச்சே" என்று சிரித்தால் தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள். இந்தப் பதிவு உங்களுக்கு இல்லை. என்னைப் போல அரைகுறையாகக் கற்றுக்கொண்டு, தமிழ்ச் சங்கத்துக்கும் வார இறுதித் தமிழ் வகுப்புக்கும் "நான் செஞ்சு தரேன் சார்" என்று முந்திக்கொண்டு கையைத் தூக்குகிறவர்களுக்கு.

சொல்ல வருவது இவ்வளவுதான். விக்கிக்குச் செருகுநிரல் (அதாங்க, பிளகின்) எழுதுவதாக இருந்தாலும், வேறொருவர் எழுதியதைப் போடுவதாக இருந்தாலும், சோதிக்கத் தனியாக ஒரு விக்கி வையுங்கள். அந்தச் சோதனை விக்கியில் உங்கள் வீட்டுத் தமிழ் இருக்கட்டும். முதல் வாக்கியத்தை எல்லா மென்பொருள் புத்தகங்களும் சொல்லும். இரண்டாவது வாக்கியம் எனக்குப் புரிவதற்குள் ஒரு பாட்டியின் 38 கதைகள் கிட்டத்தட்டப் போய்விட்டன.

எங்கள் விக்கி

இங்கே முப்பது தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடத்துகிறோம். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம், இந்தி, மராத்தி. தமிழ் வீட்டில் மட்டும், அதுவும் "அம்மா, பசிக்குது" அளவில். பாடங்கள், பிள்ளைகள் எழுதிய பக்கங்கள், சமையல் குறிப்புகள் எல்லாவற்றையும் ஒரு விக்கியில் சேர்த்து வைத்திருக்கிறோம். மென்பொருள் டோக்குவிக்கி. ஆண்ட்ரியாஸ் கோர் என்பவர் 2004-ல் தொடங்கியது. இலவசம். டேட்டாபேஸ் வேண்டாம். ஒவ்வொரு பக்கமும் ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்பு. லெட்ஜரைத் திறந்து பார்ப்பது போல எதையும் திறந்து பார்க்கலாம் என்பதால்தான் எனக்கு அதைப் பிடித்தது.

அதில் ஒரு பகுதி "பாட்டி கதைகள்". வகுப்பு நண்பர் ஒருவரின் அம்மா மாயவரத்துக்காரர். மகனோடு இங்கே வந்து தங்கியிருந்தார். மாலை நேரத்தில் அவர் சொல்லச் சொல்ல நான் லேப்டாப்பில் தட்டிக்கொண்டே போவேன். பேச்சை மாற்றவில்லை. "கிளம்பு" என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை, "கெளம்பு"தான். விளக்கு இல்லை, "வெளக்கு". உளறாதே இல்லை, "ஒளறாதே". திருத்தி எழுதலாமா என்று ஒருமுறை கேட்டேன். "நான் என்ன பள்ளிக்கூட வாத்தியாரா? சொன்னதைப் போடுங்கோ" என்றார். போட்டேன்.

38 கதைகள். அந்தக் கோப்புகளைப் பிரவுசர் வழியாக ஒவ்வொன்றாக ஏற்றப் பொறுமை இல்லாமல், எஃப்டிபி வழியாக மொத்தமாக சர்வரில் கொண்டுபோய்ப் போட்டேன். "அதான் விக்கியில ஏறிடுச்சே" என்று லேப்டாப்பில் இருந்ததை அழித்தும் விட்டேன். இந்த இரண்டு புத்திசாலித்தனங்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

பிரச்சினை எங்கே ஆரம்பித்தது?

தேடலில். ஒரு பையன் "பௌர்ணமி" என்று தேடினான். ஒரு பக்கம்தான் வந்தது. பௌர்ணமி பற்றி நான்கு பக்கங்கள் இருப்பது எனக்கே தெரியும்.

காரணம் இது. யூனிகோடில் ௌ என்பது ஒரே குறி. பார்க்கும்போது முன்னால் ஒற்றைக் கொம்பு, பின்னால் ள மாதிரி ஒன்று. நம்மில் பலர் தட்டச்சு செய்யும்போது ஒற்றைக் கொம்பைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் நிஜமான ள-வையே அடித்துவிடுகிறோம். பெளர்ணமி, மெளனம், கெளரி. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு இரண்டும் வேறு வேறு சொற்கள். அதேபோல ஔவை என்பதை ஒ போட்டு ள போட்டு "ஒளவை" என்று எழுதுகிறவர்களும் உண்டு.

சரி, இதற்கு ஒரு செருகுநிரல் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஒற்றைக் கொம்பும் ள-வும் அடுத்தடுத்து வந்தால் இரண்டையும் எடுத்துவிட்டு ௌ போடு. ஒ-வும் ள-வும் அடுத்தடுத்து வந்தால் ஔ போடு. நிர்வாகப் பக்கத்தில் ஒரு பொத்தான்: "எல்லாப் பக்கங்களையும் திருத்து". மொத்தம் 12 வரி. எழுதியது நேராக லைவ் விக்கியில். புதிதாக ஒரு பக்கம் திறந்து மெளனம், கெளரி, பெளர்ணமி, ஒளவை என்று நான்கு சொல் போட்டுப் பார்த்தேன். நான்கும் திருந்தின. தங்கமணியைக் கூப்பிட்டுப் பெருமையாகக் காட்டினேன். பொத்தானை அழுத்தினேன். தூங்கப் போனேன்.

காலையில் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. "சார், பாதிப் பக்கத்துல வட்டம் வட்டமா வருதே, என்ன சார்?"

உங்களில் பலருக்கு இதற்குள் புரிந்திருக்கும். வெள்ளம், வெள்ளி, வெளியூர், தெளிவு, வெள்ளரிக்காய், பிள்ளைகளின் எல்லாக் கட்டுரையிலும் வரும் ஒளி. இவற்றில் ஒற்றைக் கொம்போ ஒ-வோ வந்து அடுத்து வரும் ள நிஜமான ள. என் நிரல் அதையும் தின்றுவிட்டது. ள-வின் மேல் இருந்த புள்ளியும் கொக்கியும் ஒட்டிக்கொள்ள எழுத்து இல்லாமல், புள்ளி வைத்த வட்டத்தின் மேல் அந்தரத்தில் தொங்கின. 212 பக்கங்கள் உள்ள விக்கியில் ஏறத்தாழ எல்லாப் பக்கங்களிலும்.

பரணில் இல்லாத கதைகள்

விக்கி என்றால் பழைய வடிவம் இருக்குமே, திருப்பிவிடலாமே என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். டோக்குவிக்கியில் பழைய வடிவங்கள் "ஆட்டிக்" என்ற ஃபோல்டரில் இருக்கும். நம்மூர் பாஷையில் பரண். பக்கத்தைச் சேமிப்பதற்கென்று டோக்குவிக்கி ஒரு முறையான வழி வைத்திருக்கிறது. அந்த வழியாகச் சேமித்தால் பரணில் பிரதி ஏறும். நான் அந்த வழியே போகவில்லை. கோப்பைத் திறந்து நேராக எழுதிவிட்டேன்.

நல்லவேளை, பிள்ளைகளும் பெற்றோரும் பிரவுசர் வழியாக எழுதிய பக்கங்களுக்குப் பரணில் ஏற்கனவே பிரதி இருந்தது. ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து அவற்றை மீட்டேன். பாட்டி கதைகளுக்குப் பரணில் எதுவும் இல்லை. எஃப்டிபி வழியாகக் கொட்டியவை அல்லவா? கொட்டியபின் யாரும் திருத்தவும் இல்லை. என்னிடம் இருந்த பேக்கப் பென்டிரைவ் நான்கு மாதம் பழசு. கதைகள் அதற்குப் பிறகு வந்தவை.

பாட்டி அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் தவறிப் போயிருந்தார்.

இருபது வருடம் வங்கியில் இருப்பவன் நான். 100 ரூபாய் வவுச்சரைக்கூட ஒருவர் போட்டு இன்னொருவர் பார்க்காமல் நகர்த்தாத இடத்தில் வேலை பார்க்கிறவன். வீட்டுக்கு வந்ததும் நானே போட்டு, நானே பார்த்து, நானே பாஸ் செய்துவிட்டேன்.

திருத்திய விதத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாடம் அங்கேதான் இருக்கிறது. ௌ-க்குப் பின்னால் புள்ளியோ வேறு உயிர்க்குறியோ வந்தால் அது தமிழே இல்லை. ஆகவே அங்கெல்லாம் திரும்பவும் ஒற்றைக் கொம்பும் ள-வும் ஆக்கினேன். ஔ-வுக்கும் அதே வைத்தியம். வெள்ளம் வந்தது. வெள்ளி வந்தது. ஒளி வந்தது. வட்டங்கள் போயின. அப்பாடா என்று நண்பருக்குச் செய்தி அனுப்பினேன்.

ஒரு வாரம் கழித்து என் மகள் கைப்பேசியில் பாட்டி கதை ஒன்றைக் குரலாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்பா, கவும்புன்னா என்ன?"

கெளம்பு. ள-வுக்குப் பின்னால் ம. புள்ளி இல்லை, கொக்கி இல்லை. என் நிரல் அதை ௌ ஆக்கியதும் தெரியவில்லை, என் திருத்தம் அதைத் தாண்டிப் போனதும் தெரியவில்லை. திரையில் பார்த்தால் எந்த மாற்றமும் இல்லை. வெளக்கு அப்படியே. ஒளறாதே அப்படியே. கண்ணுக்குத் தெரியும் பிழையைவிடக் கண்ணுக்குத் தெரியாத பிழைதான் ஆபத்து என்பதை நான் டிரயல் பேலன்ஸில் படித்திருக்கிறேன். இரண்டு பக்கமும் டேலி ஆகும், உள்ளே தப்பு இருக்கும்.

இதற்கு நிரல் எழுத முடியாது. ஏனென்றால் இவை பேச்சுச் சொற்கள், பொதுவாக அகராதியில் தேடினால் கிடைப்பவை இல்லை. 38 கதைகளிலும் ௌ, ஔ வரும் சொற்களையெல்லாம் பட்டியல் போட்டேன். நண்பரும் நானும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். "இது அம்மா வெளக்குன்னுதான் சொல்வா... இது கௌரவம், சரிதான்..." நடுவில் அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். நானும் பேசவில்லை.

ஆக, நான் லைவ் விக்கியில் சோதித்துப் பார்த்த நான்கு சொற்களும் என் நிரல் எதற்காக எழுதப்பட்டதோ அந்தச் சொற்கள். அது தொடக்கூடாத சொல் ஒன்றைக்கூட நான் போட்டுப் பார்க்கவில்லை.

இப்போது நான் வைத்திருக்கும் சோதனைக் களம்

பெரிய செலவு ஒன்றும் இல்லை. பழைய லேப்டாப் போதும். நான் செய்த வரிசையில் சொல்கிறேன்.

1. மென்பொருளைக் கிட்ஹப்பிலிருந்து கிட் வழியாக இறக்குங்கள். டோக்குவிக்கியின் சோதனை நிரல்கள் அங்கேதான் இருக்கின்றன. சாதாரணமாக இறக்கும் வெளியீட்டுத் தொகுப்பில் அவை இருக்காது. "ஸ்டேபிள்" என்ற கிளையை எடுங்கள். "மாஸ்டர்" கிளை அவர்களே இன்னும் செதுக்கிக்கொண்டிருப்பது.

2. லேப்டாப்பில் போடும் பிஎச்பி, உங்கள் சர்வரில் இருக்கும் அதே பதிப்பாக இருக்கட்டும். அப்பாச்சி எல்லாம் கட்டாயம் இல்லை. 2012-ல் வந்த 5.4 பதிப்பிலிருந்து பிஎச்பிக்குள்ளேயே ஒரு குட்டி சர்வர் இருக்கிறது. விக்கி ஃபோல்டரில் நின்று ஒரே கட்டளை, பிரவுசரில் விக்கி வந்துவிடும். டாக்கர் தெரிந்தவர்கள் டாக்கரில் செய்துகொள்ளலாம். சர்வர் லினக்ஸாக இருந்து உங்கள் லேப்டாப் விண்டோஸாக இருந்தால் ஒரு எச்சரிக்கை: கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பேதத்தை விண்டோஸ் பார்க்காது, லினக்ஸ் பார்க்கும். வீட்டில் ஓடிய செருகுநிரல் சர்வரில் "கோப்பைக் காணோம்" என்று சொல்வது பெரும்பாலும் இதனால்தான்.

3. லைவ் விக்கியின் பக்கங்கள், படங்கள், பரண், அமைப்புகள் எல்லாவற்றையும் நகலெடுத்து இங்கே கொண்டுவாருங்கள். கேஷ், பூட்டுகள், தேடல் இண்டெக்ஸ் வேண்டாம். அவை இங்கே புதிதாக உருவாகட்டும். "வணக்கம் உலகம்" என்று ஒரே ஒரு பக்கம் வைத்துச் சோதிப்பது, ஆளே இல்லாத கிளையில் டோக்கன் மெஷினைச் சோதிப்பது மாதிரி.

4. நகல் எடுத்த கையோடு பயனர் கோப்பைத் திறந்து மற்றவர்களின் மின்னஞ்சல் முகவரிகளை நீக்குங்கள். பக்கம் மாறினால் சந்தாதாரர்களுக்கு விக்கி அஞ்சல் அனுப்பும். நீங்கள் ராத்திரி 12 மணிக்குச் சோதனை செய்ய, முப்பது வீட்டில் கைப்பேசி அடிக்கக்கூடாது. தவிர, மற்றவர்களின் விவரம் உங்கள் லேப்டாப்பில் தேவைக்கு மேல் இருப்பதும் முறையில்லை.

5. சோதனை விக்கியின் தலைப்பையும் நிறத்தையும் மாற்றுங்கள். என்னுடையதில் மேலே கொட்டை எழுத்தில் "சோதனை", பின்னணி வெளிர் ரோஜா. இரண்டு ஜன்னலும் ஒரே மாதிரி இருந்தால் ஒருநாள் தப்பான ஜன்னலில் பொத்தானை அழுத்துவோம். அழுத்தியே தீருவோம்.

6. செருகுநிரலின் பெயரில் சின்ன ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும். ஃபோல்டரின் பெயரும், தகவல் கோப்பில் உள்ள அடிப்படைப் பெயரும், நிரலில் உள்ள கிளாஸ் பெயரும் ஒத்துப்போக வேண்டும். கிட்ஹப்பிலிருந்து ஜிப்பாக இறக்கினால் ஃபோல்டர் பெயருக்குப் பின்னால் கிளையின் பெயர் ஒரு வாலாக இருக்கும். அந்த வாலை வெட்டாமல் வேலை செய்யாது. இதற்கு நான் ஒரு மாலைப்பொழுதைப் பலி கொடுத்திருக்கிறேன்.

7. நிரலை மாற்றியும் பக்கம் மாறவில்லையா? கேஷில் இருக்கும் பழைய பக்கத்தைக் காட்டுகிறது. முகவரியில் பர்ஜ் சேர்த்து ஒருமுறை திறந்தால் புதிதாக வரும். "என் நிரல் வேலை செய்யலையே" என்று சரியாக இருந்த நிரலைத் திரும்பத் திரும்பத் திருத்திக் கெடுத்தவன் சொல்கிறேன்.

8. செருகுநிரலின் ஃபோல்டரைத் தனியாகக் கிட்டில் வையுங்கள். எந்தத் தேதியில் எந்த வரி மாறியது என்று தெரியும். நம் டே புக் மாதிரி.

தானியங்கிச் சோதனை

இதுதான் நான் ரொம்ப நாள் பயந்து தள்ளிப்போட்டது. பிறகுதான் தெரிந்தது, இது ஒரு செக் லிஸ்ட் மட்டுமே என்று. டோக்குவிக்கி, பிஎச்பியூனிட் என்ற கருவியைப் பயன்படுத்துகிறது. செருகுநிரலின் ஃபோல்டருக்குள் சோதனைக்கென்று ஒரு குட்டி ஃபோல்டர். அதில் "இதைக் கொடுத்தால் இது வர வேண்டும்" என்று வரிசையாக எழுதி வைக்க வேண்டியதுதான். ஓடும்போது தற்காலிகமாகத் தனியே ஒரு டேட்டா ஃபோல்டர் உருவாக்கி அதில்தான் விளையாடும். நீங்கள் நகலெடுத்து வைத்த பக்கங்களைக்கூடத் தொடாது.

என் பட்டியலில் இப்போது மூன்று பகுதிகள்.

முதல் பகுதி, மாற வேண்டியவை: மெளனம், கெளரி, பெளர்ணமி, செளக்கியம், ஒளவை.

இரண்டாவது, தொடவே கூடாதவை: வெள்ளம், வெளியூர், தெளிவு, வெள்ளரிக்காய், ஒளி.

மூன்றாவது, பாட்டியின் சொற்கள்: கெளம்பு, வெளக்கு, வெளக்குமாறு, ஒளறாதே.

எந்த வரியை மாற்றினாலும் முதலில் இந்தப் பட்டியல் ஓடும். மூன்று பகுதியும் பச்சையாக வந்தால்தான் அடுத்த வேலை. பட்டியல் எழுத எனக்கு அரை மணி நேரம் ஆனது. அது இல்லாததால் செலவானது இரண்டு ஞாயிற்றுக்கிழமை, அப்புறம் சில ராத்திரித் தூக்கம்.

மூன்றாவது பகுதியை எழுதிப் பார்த்தபோதுதான் என் பழைய யோசனையே தப்பு என்று புரிந்தது. எது ௌ, எது ள என்று எழுத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யவே முடியாது. ஆகவே இப்போது என் செருகுநிரல் எதையும் மாற்றுவதில்லை. தெரிந்த ௌ சொற்கள் சுமார் நாற்பது வைத்திருக்கிறது. அவற்றில் ஒன்று ள போட்டு எழுதப்பட்டிருந்தால், சேமித்ததும் எழுதியவருக்கு ஒரு வரி காட்டும்: "இந்தச் சொல்லை ஒருமுறை பாருங்கள்." அவ்வளவுதான். திருத்துவது மனிதர் வேலை. சோதனை என்பது தப்பைப் பிடிப்பதற்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். எதைச் செய்யாமல் விட வேண்டும் என்பதையும் அது சொல்லிக் கொடுக்கிறது.

தமிழ் விக்கி வைத்திருப்பவர்கள் கட்டாயம் சோதிக்க வேண்டிய இன்னொன்று, பக்கத் தலைப்பின் நீளம். டோக்குவிக்கி தானாகவே தமிழ்த் தலைப்பைக் குறியீடாக மாற்றித்தான் கோப்புக்குப் பெயர் வைக்கும். "தமிழ்" நம் கண்ணுக்கு 3 எழுத்து, யூனிகோடில் 5 குறி, கோப்புப் பெயரில் 45 இடம். ஒவ்வொரு குறிக்கும் 9. லினக்ஸில் ஒரு கோப்புப் பெயருக்கு 255 பைட்டுதான் உச்சம். கணக்குப் போட்டால் தலைப்பு 27 குறிக்குள் இருக்க வேண்டும். பரணில் தேதி எண்ணும் சேர்வதால் 26. ஆங்கிலத்தில் சோதித்தவருக்கு இது வாழ்நாளில் தென்படாது. நம் பிள்ளை "என் தாத்தா வீட்டுத் தோட்டத்து மாமரம்" என்று தலைப்பு வைத்த அன்றே தென்படும். கோப்புப் பெயரைத் தமிழிலேயே வைக்க ஓர் அமைப்பு இருக்கிறது. ஆனால் நடுவில் அதை மாற்றினால் பழைய பக்கங்கள் காணாமல் போனது போல ஆகிவிடும். அதையும் சோதனை விக்கியில் மாற்றிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பெரியவர்கள் எப்படிச் செய்கிறார்கள்?

"சின்ன விக்கிக்கு எதுக்கு சார் இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று வகுப்பிலேயே ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பெரிய விக்கியைப் பார்ப்போம். விக்கிப்பீடியா ஓடுவது மீடியாவிக்கி என்ற மென்பொருளில். அங்கே செருகுநிரலுக்கு எக்ஸ்டென்ஷன் என்று பெயர். அதை எழுதுகிறவர்களில் முழுநேர வல்லுநர்கள் பலர். அப்படியும் ஒரு மாற்றம் தானியங்கிச் சோதனைகளைத் தாண்டி, இன்னொருவர் படித்து ஒப்புக்கொண்ட பிறகே உள்ளே போகிறது. சோதனைக்கென்றே ஒரு விக்கிப்பீடியா தனியாக இருக்கிறது. வாராவாரம் புதிய பதிப்பு முதலில் சோதனைத் தளங்களுக்குப் போய், அடுத்து இன்னும் சில தளங்களுக்குப் போய், 2003-ல் தொடங்கிய நம் தமிழ் விக்கிப்பீடியா உட்பட பெரும்பாலான விக்கிப்பீடியாக்களுக்குக் கடைசிச் சுற்றில்தான் வருகிறது. அவ்வளவு தெரிந்தவர்களே தங்கள் கையை நம்பவில்லை. பி.காம். படித்த நான் நம்பினேன்.

இன்னொரு விதமாகவும் யோசித்துப் பாருங்கள். பெரிய விக்கியில் ஒரு பக்கம் கெட்டுப்போனால் ஆயிரம் பேர் கவனிப்பார்கள், தகவலுக்கு வேறு நூலும் இருக்கும். நம் சின்ன விக்கியில் இருப்பது வேறு எங்கும் இல்லை. மாயவரத்துப் பாட்டியின் கதை எந்த நூலகத்திலும் கிடைக்காது. சின்ன விக்கிக்குத்தான் இந்த ஆர்ப்பாட்டம் அதிகம் தேவை.

இப்போது இன்னொரு வசதியும் வந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் என் 12 வரியை அரை நிமிடத்தில் எழுதிக் கொடுக்கும், விளக்கமும் சேர்த்து. நல்லதுதான், நானும் கேட்கிறேன். ஆனால் எழுதுவது சுலபமாக ஆக ஆக, சோதிப்பது அதிகமாக வேண்டும். பாட்டி "கெளம்பு" என்றுதான் சொல்வார் என்பதை நாம் பட்டியலில் எழுதி வைக்காவிட்டால் எந்த இயந்திரத்துக்கும் தெரியப் போவதில்லை.

கடைசியாக ஒன்று. வங்கியில் சொல்வது போல, போடுபவர் ஒருவர், பார்ப்பவர் ஒருவர் என்று இருக்கட்டும். பார்ப்பவருக்கு நிரல் தெரிந்திருக்க வேண்டியதில்லை, தமிழ் தெரிந்தால் போதும். இப்போது எங்கள் விக்கியில் எந்தச் செருகுநிரலும் சோதனைக் களத்தில் ஒரு வாரம் இருக்கும். பாட்டியின் மகன் ஒருமுறை, என் மகள் ஒருமுறை பக்கங்களைப் புரட்டிப் பார்த்துச் சரி என்றால்தான் லைவுக்குப் போகும். போகும் முன் முழு பேக்கப். போனபின் எதிர்பாராமல் ஏதாவது வந்தால் செருகுநிரலை நிறுத்துவது எப்படி என்று ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டியிருக்கிறேன். என் பெருமையைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன தங்கமணி, அந்தத் தாளைப் பார்த்துவிட்டு மட்டும் "இது உருப்படியான வேலை" என்றார்.

38 கதைகளில் 36 முழுதாகத் திரும்பிவிட்டன என்று நம்புகிறோம். மீதி இரண்டில் நான்கைந்து சொற்கள் பாட்டி எப்படிச் சொல்லியிருப்பார் என்று மகனுக்கே உறுதியாகத் தெரியவில்லை. அவற்றின் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறோம். கேட்டுத் தெரிந்துகொள்ள இப்போது ஆள் இல்லை.

உங்கள் ஊர்ப் பேச்சில் இப்படி ஒற்றைக் கொம்பும் ள-வும் சேர்ந்து வரும் சொற்கள் இருந்தால் சொல்லுங்கள். நெல்லை, கோவை, மதுரை, எந்த ஊர் வழக்கானாலும் சரி. என் பட்டியலின் மூன்றாவது பகுதியில் சேர்த்துக்கொள்கிறேன்.

டிஸ்கி: இந்தப் பதிவில் வரும் வெள்ளம் எல்லாவற்றையும் ஏற்றுவதற்கு முன் இரண்டு முறை சோதித்துவிட்டேன்.